ஒற்றைக்கண் டச்சுக்காரனும் என் வலது காலும்

1961 மே 14, ஞாயிறு

இந்த நோட்டில் இனி வரப்போவதை எவரும் நம்பப்போவதில்லை என்று, என் எழுபத்தொரு வயதின் மீதும் வலது காலின் மாவுக்கட்டின் மீதும் ஆணையிட்டுச் சொல்கிறேன். லா லூவியேர் நகரின் புறா வேந்தன், நிலக்கரிச் சுரங்கத்தின் ஓய்வுபெற்ற சக்கரவர்த்தி ஓடிலோன், போன செவ்வாய்க்கிழமை ஏணியின் நாற்பதாம் படியிலிருந்து விழுந்தான். (ஏணிக்கு மொத்தம் ஒன்பது படி.)

தொடை வரை மாவு. ஆறு வாரம். பின்னறையில் கட்டில். ஜன்னலில் முற்றம், முற்றத்தில் சலவைக் கொட்டகை, அதன் தலையில் என் புறாக்கூடு. இனி இதுதான் என் சாம்ராஜ்யம்.

அக்கா மகள் லியோனி பார்த்துக்கொள்கிறாள். இன்று ஞாயிறு, விடியலிலேயே பிரஸ்ஸல்ஸ் பழம்பொருள் சந்தைக்குப் போய்விட்டாள். ஏன் போகிறாள் என்று எழுத வேண்டும். இன்று வேண்டாம்.

மே 16

பிரஸ்ஸல்ஸிலிருந்து ஸ்டாஸ் என்றொரு மெலிந்த மனிதர் வந்து முன்னறையில் தங்கியிருக்கிறார். லியோனி சர்ரியலிஸ்டாம். தெருவில் கேட்டால், ‘ஆர்சேன் மகளா? கிறுக்குப் படம் போடுவாளே’ என்பார்கள். இவர் அவளுடைய முக்கிய ஓவியங்களைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்.

என் கட்டிலருகே உட்கார்ந்து பட்டியலை வாசித்தார். ‘திங்கட்கிழமை’: கொடியில் காயும் சட்டைக்குள் மட்டும் மழை பெய்கிறது. ‘விருந்தாளிகள்’: மனிதர்கள் மேல் நாற்காலிகள் உட்கார்ந்து காப்பி குடிக்கின்றன. இப்படிப் பதினொன்று.

“பன்னிரண்டாவது, ‘அப்பா சீக்கிரம் வந்துவிட்டார்’. அதுதான் உச்சம்னு சொல்றாங்க. காணாமப் போனது. திருடனைப் பார்த்தவர் நீங்கதானாமே ஐயா?”

பார்த்தேன் என்றேன். வேறென்ன சொல்ல? ஒற்றைக்கண் டச்சுக்காரன். முதுகில் எக்காளம். டிராம் கம்பிக்குக் குனிந்து நடக்கும் உயரம். படத்தைப் பார்த்ததும் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, பூட்ஸ் நிரம்பும்வரை அழுதான். அப்புறம்தான் தூக்கிக்கொண்டு போனான்.

ஸ்டாஸ் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அச்சில் வருமாம்.

மே 17

உள்ளது இதுதான். ஆறு வருடம் முன்பு ஒரு புயல் புறாக்கூட்டின் கூரையைப் பிய்த்தது. மறுநாள் புறாப் பந்தயம். சலவைக் கொட்டகைச் சுவரோரம் சாய்ந்திருந்த பலகையை இழுத்து, ஆணி அடித்து, மேலே தார்த்தாள் போட்டேன். அதன் மறுபக்கத்தை நான் பார்க்கவில்லை. அங்கே அவள் பலகையில்தான் வரைவாள் என்பது அவசரத்தில் தோன்றவுமில்லை.

காலையில், “படத்த யாரு எடுத்தா மாமா?” என்றாள். படத்தை நான் எடுக்கவில்லையே! கேலியாகத்தான் டச்சுக்காரனைப் பெற்றுப்போட்டேன். அவள் நம்பினாள். மூன்றாம் நாள் கூட்டுக்குள், பந்தயப் புறாவுக்காகக் காத்திருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, ஒழுகுகிறதா என்று அண்ணாந்தேன்.

பலகையின் மறுபக்கத்தில் ஒரு சமையலறைக் கதவு. அதைத் திறந்தால் சுரங்கக் குழி. அடியாழத்தில் விளக்கெரியும் சின்னச் சமையலறை. அங்கே அவள் அப்பா ஆர்சேன், காலுறையோடு, உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டு. குழி அவனை விழுங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது.

அன்றே சொல்லியிருக்கலாம். அதற்குள் அவள் போலீசுக்குப் போயிருந்தாள், சந்தைக்குப் போயிருந்தாள், அழுது முடித்திருந்தாள். நாளைக்குச் சொல்வோம் என்றேன். அந்த நாளைக்குத்தான் ஆறு வயது. அவளோ, “அதுல வந்தது இனிமே கையில வராது மாமா” என்று தூரிகையைக் கழுவி வைத்தவள், அதன்பின் ஒரு கோடும் போடவில்லை. ஞாயிறுதோறும் ஒற்றைக்கண்ணனைத் தேடிப் போகிறாள்.

போன வாரம் செவ்வாயன்று அதைக் கழற்றத்தான் ஏறினேன். நாலாம் படி.

மே 21

அரிக்கிறது. மாவுக்குள் விட்ட பின்னல் ஊசி முறிந்து உள்ளேயே கிடக்கிறது. நானும் அதுவும்.

மே 27, சனி

கூட்டாளி ஸெஃபிரேன் வந்தான். இவன்தான் புறாக்களுக்குத் தீனி போடுகிறான். ஏணி உச்சியில் நின்றே வீசுவான். அவன் தொந்தி கூட்டு வாசலில் நுழைய வேண்டுமானால் கொட்டகையை இடித்துக் கட்ட வேண்டும். அதுவரை என் ரகசியத்துக்குப் பழுதில்லை.

“டேய் ஓடிலோன், ஒனக்கு ஒரு ஆச்சரியம். ஒன் பந்தயப் புறா மார்ஷலக் கூடையில போட்டு பிரான்சுக்கு அனுப்பிட்டேன். நாளைக்கு பூர்ஷ் ஊர்லேர்ந்து வீட்டுக்குப் பறந்து வர்ற பந்தயம்!”

“யாருடா ஒன்னக் கேட்டா? வந்ததும் கால் வளையத்தக் கழட்டிப் பந்தயக் கடிகாரத்துல போட்டு அடிச்சாத்தானே நேரம் பதியும்? அதுக்கு யாரு இருக்கா?”

“லியோனி ஏறட்டுமே. அவ என்ன என்னை மாதிரியா?”

கட்டிலோடு எழுந்து ஓட முடியுமா என்று யோசித்தேன்.

மே 28, ஞாயிறு

காலை: “சந்தைக்குப் போகலியா? இன்னிக்கு அவன் கட்டாயம் வருவான், என் மனசு சொல்லுது” என்றேன்.

“ஆறு வருஷமா வராதவன் இன்னிக்கா வரப்போறான்? நீங்க அந்தப் புறாவ நெனச்சு ஏங்கறது தெரியுது மாமா. நான் ஏறறேன்.”

“எறகு பட்டாத் தும்முவியே!”

“தும்மிக்கறேன்.”

பதினொன்றரை: ஏறிவிட்டாள். வாசலில் தலை மறைந்தது. முக்காலியில் உட்கார்ந்திருப்பாள். கீழேயே பார், தாயே. கீழேயே பார்.

பன்னிரண்டு நாற்பது: மார்ஷல் வந்துவிட்டான்! நகரத்திலேயே முதல் புறா. உள்ளே நுழைந்தான். கடிகாரம் அடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

ஒன்று: கேட்கவில்லை.

ஒன்றரை: இன்னும் இல்லை. தும்மல்கூட இல்லை.

மாலை: இரண்டு மணிக்கு இறங்கி வந்தாள். தோளில் புறா எச்சம். கைக்குள் வளையம். அதை என் மாவுக்கட்டின் மேல் வைத்தாள்.

“ஒங்க டச்சுக்காரன் ரொம்ப தூரம் போகல போலிருக்கே மாமா.”

அவ்வளவுதான். வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் பொய் ஒன்றும் கைவசம் இல்லை.

மே 29

காப்பி வருகிறது. ரொட்டி வருகிறது. பேச்சு வரவில்லை.

மே 31

இல்லை.

ஜூன் 2

சலவைக் கொட்டகையிலிருந்து, வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாடை. ஆறு வருடத்தில் முதல்முறை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

சந்தைக்குப் போகவில்லை. கண் விழித்தபோது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் காலில் வரைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கிறேன். தொடையில் எக்காளம், கணுக்காலில் பூட்ஸ், நிரம்பி வழியும் தண்ணீர். முழங்காலில் ஒரே ஒரு கண். அது என்னையே பார்க்கிறது.

“ஆடாதீங்க. ஈரம்.”

“எவ்வளவு நேரம்?”

“எனக்கு ஆறு வருஷம் ஆச்சு.”

ஆடவில்லை.

ஜூன் 20

மாவு வெட்ட மருத்துவர் ரம்பத்தோடு வந்தார். ஸ்டாஸ் குறுக்கே விழுந்தார். “தொடாதீங்க டாக்டர்! போட்டோக்காரர் அடுத்த வார வெள்ளிக்கிழமதான் வர்றார்!” பட்டியலில் பதிமூன்றாவதாம். ‘திருடன், மாவுக்கட்டின் மேல் எண்ணெய் வண்ணம், தாய்மாமன் வசம்.’

விடுதலை பத்து நாள் தள்ளிப்போயிற்று. மேல்முறையீடு செய்ய இடமில்லை.

ஜூலை 1

நேற்று வெட்டினார்கள். கால் கோழிக்கால் போல இருக்கிறது. பழைய படத்தை இறக்கவா என்று ஸ்டாஸ் கேட்டதற்கு, “மழையெல்லாம் ஓயட்டும்” என்றாள் லியோனி. புதுப் பலகை ஒன்றில் எதையோ தொடங்கியிருக்கிறாள். காட்ட மாட்டேன் என்கிறாள்.

இன்று காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள். “நெசமாச் சொல்லுங்க மாமா. அந்த டச்சுக்காரன் கதையில எதாவது ஒண்ணாவது உண்மையா?”

எக்காளம் பொய். உயரம் பொய். அவனுக்கு இரண்டு கண்ணும் நன்றாகவே தெரியும். பூட்ஸ் நிரம்பவில்லை.

ஆனால் கதையில் பிற்பாடு நான் சேர்த்த வாளி, கூட்டுக்குள் இருக்கும் அந்த முக்காலிதான் என்றேன். படத்தைப் பார்த்துவிட்டு அதில் உட்கார்ந்து அவன் அழுதது மட்டும் உண்மை.