இருட்டில் நீங்களும் துரையும்

இன்று காலையில் ஷிப்ட் முடித்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலைத் தாண்டிப் போனார். சட்டையெல்லாம் கொழுப்பு மெழுகுவத்தி வாசனை. சுரங்கத்துக்குள் இறங்கும்போது தொப்பியில் களிமண்ணால் ஒட்டிக்கொண்டு போவீர்களே, அந்த வத்தி. நீங்கள் கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. இந்த வாசனை வந்தால் எனக்கு அழுகை வருவதில்லை, கோபம்தான் வருகிறது. பாதி உங்கள்மேல், பாதி அந்த வெள்ளைக்காரத் துரைமேல்.

அவர் பாலகாட் தங்கச் சுரங்கத்தில் அளவு பார்க்கிற துரை. நீங்கள் அவருக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற ஆள். வேலூரில் மடத்துச் சாமியாரிடம் கேட்ட வேதாந்தமும் மிஷன் பள்ளியில் படித்த இங்கிலீஷும் உங்களிடம் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் பேச இந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான் உங்களுக்குக் கிடைத்தார். அது நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் காலைக்கூடக் கழுவாமல் ஆரம்பிப்பீர்கள். "துரை இன்னிக்கு இன்னா சொன்னாரு தெரியுமா?" எண்ணம் ஓடுகிறவரைக்கும்தான் 'நான்' என்று ஒன்று உண்டு, எண்ணம் நின்றால் 'நான்' கிடையாது என்பது அவர் கட்சி. அவருடைய தேசத்துப் பெரியவர்கள் அப்படி எழுதியிருக்கிறார்களாம். எண்ணம் நின்ற பிறகும் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்று இருக்கிறது, அதுதான் ஆத்மா, மற்றதெல்லாம் மாயை என்பது உங்கள் கட்சி.

"உலகமே பொய்யிங்களா? அப்போ இன்னிக்குப் பொய்த் தண்ணிய நீங்களே போய் எடுத்துட்டு வாங்க" என்று குடத்தை நீட்டினேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனீர்கள். குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் வாயைப் பொத்திச் சிரித்தார்களாம். எனக்கு அன்றைக்கு ஒரு நாள் நிம்மதி.

பிறகுதான் அந்தப் பந்தயம் வந்தது. வேலை முடிந்ததும், சுரங்கத்துக்கு அடியில் ஆள் இல்லாத ஒரு பழைய லெவலில், அதாவது தளத்தில், இரண்டு பேரும் உட்கார்ந்து வத்தியை ஊதி அணைத்துவிடுவது. அந்த இருட்டில் தன் கையே தனக்குத் தெரியாது என்பீர்கள். உலகம் போய்விடும். அப்புறம் எண்ணத்தையும் நிறுத்திப் பார்த்தால் மிச்சம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடுமாம். உங்களால் எண்ணத்தை நிறுத்த முடியாவிட்டால் ஜெயிப்பு துரைக்கு.

"நானும் வரேன்" என்றேன்.

"ஆளுங்கள கீழ எறக்குற கேஜில பொம்பளைங்கள ஏத்த மாட்டாங்க."

"ஏத்துனா கூட்டினு போவீங்களா?"

நீங்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டீர்கள். வேறொரு பெண் என்றால் தலைமுடியைப் பிடித்து இழுத்து, ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். தாடி வைத்த வெள்ளைக்காரனிடம் போய் என்ன சண்டை போடுவது? என்னோடு உட்கார்ந்தால் கூரை ஒழுகுவதைப் பேசுவீர்கள், ஊரில் என் தம்பி கல்யாணத்தைப் பேசுவீர்கள். அவரோடு உட்கார்ந்து, நீங்கள் யார் என்று பேசினீர்கள்.

நீங்கள் காய்ச்சலில் விழுந்தபோதும் அவர் வந்தார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கஞ்சியோடு நிற்க, இரண்டு பேரும் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அதுவும் அவருக்காக.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, சொந்த ஊருக்குப் புறப்படுவதற்கு முன்னால் துரை வந்தார். தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"அம்மா, பந்தயம் நான் ஜெயிச்சேன்" என்றார்.

"அவரு தோத்துட்டாரா?" எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. செத்தவரிடமும் ஜெயிக்க வேண்டுமா இந்த மனுஷனுக்கு?

"எண்ணம் நின்னுதா கேட்டேன். எல்லாம் நின்னுது, ஒண்ணு நிக்கலே சொன்னான். உன் குரல். நீ கூப்பிட்றே, அவன் கேக்கறான். எப்பவும் அதே. காய்ச்சல்லயும் அதான் கேட்டேன். இன்னும் நிக்கலே சொன்னான், சிரிச்சான்."

உங்கள் ஆத்மாவுக்குக் குறுக்கே நான்தான் நின்றிருக்கிறேன். அதைக் கேட்டு, பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. துரை தெருமுனை தாண்டுகிறவரைக்கும் இருந்தது. அப்புறம் வந்தது பாருங்கள், முன்பு இருந்ததைவிடப் பெரிய பொறாமை. இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். இதை என்னிடம் ஒரு வாட்டி சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அவர் கப்பலேறிப் போய்விட்டார். நீங்கள் சொன்னது சொன்னபடி, உங்கள் குரலிலேயே அவரிடம் இருக்கிறது. என்னைப் பற்றிய சொல்தான். என்னிடம் இருப்பதோ அவருடைய ஓட்டைத் தமிழில் வந்தது மட்டும்.