நீ வெளியேறாத வியாழக்கிழமை

கொராவில்லா
ஆகஸ்ட் 11

மாண்புமிகு மாநில முதல்வர் திரு. கிளென் டிரெலோர் அவர்களுக்கு,

வணக்கம். மேலே உள்ள விளிப்பு, இந்த உறையை முதலில் பிரிக்கப்போகும் உன் செயலாளருக்கு உரியது. இனி வருபவை உனக்கு. முப்பது ஆண்டுப் பழக்கத்தில் கிளென் என்றே எழுத வருகிறது. அப்படியே எழுதுகிறேன்.

உன் அலுவலகத்திலிருந்து சென்ற திங்களன்று ஒரு கடிதம் வந்தது. கொராவில்லா மருத்துவமனையின் உள்நோயாளர் வார்டு செப்டம்பரில் மூடப்படுமாம். முன்பக்கத்து இரண்டு அறைகள் மட்டும் வார நாள்களில் பகல்நேர மருந்தகமாக இயங்குமாம். அந்த இரண்டு அறைகளுக்கு மெரினின் பெயரைச் சூட்ட அரசு விரும்புகிறதாம். கணவன் என்ற முறையில் என் சம்மதமும், அவள் சிரித்த முகத்துடன் இருக்கும் ஒரு புகைப்படமும் வேண்டுமாம். பெயர்ப்பலகையை நீயே வந்து திறந்து வைப்பாயாம். அவளை அடக்கம் செய்த மண் இன்னும் இறுகவில்லை, கிளென்.

சம்மதம் இல்லை. அலுவலகத்துக்கு அந்த இரு சொற்கள் போதும். உனக்குப் போதாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், கேட்காமலே நலம் சொல்லிவிடுகிறேன். மகள் டெஸ் டார்வின் நகரத்துக்குத் திரும்பிவிட்டாள். பத்து நாள் விடுப்பில் வந்தவள், போகும்போது அம்மாவின் தோட்டக் காலணியை மட்டும் எடுத்துப் போனாள். இவ்வாண்டுக் குளிர்காலத்தில் உறைபனி கடுமை. குழாய்களில் காலை ஒன்பது மணிவரை தண்ணீர் வருவதில்லை. ஊரார் கொண்டுவந்து வைத்த ஆட்டிறைச்சிக் குழம்பும் உருளைக்கிழங்கு மசியலும் குளிர்ப்பெட்டியை நிறைத்திருக்கின்றன. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் உரியவரின் பெயர் ஒட்டியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். எனக்கு இப்போதைக்கு உள்ள வேலை அதுதான்.

உன்னை நான் முதலில் பார்த்தது கால்நடைச் சந்தையில். பட்டிகளின் மேலே போட்ட பலகைப் பாதையில் நடந்தபடி ஏலம் கூறிக்கொண்டிருந்தாய். வாங்குபவர் புருவத்தை உயர்த்தினால் போதும், மாடு கைமாறிவிடும். அன்று ஒரு வியாபாரி விலைக்குத் தலையசைத்துவிட்டுப் பின்வாங்கப் பார்த்தான். “தலைய ஆட்டுனியா இல்லையா? ஆட்டிட்டு இப்ப கழுத்துல ஈ உக்காந்துச்சுங்கிறியா?” என்று எல்லோர் முன்பும் கேட்டாய். சந்தையே சிரித்தது. அவன் மாடுகளை ஓட்டிப்போனான். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தச் சட்டத்தை ஆறு பருவம் படித்துவிட்டு வந்திருந்த எனக்கு, ஒப்பந்தம் என்றால் என்னவென்று அன்று விளங்கியதாகத் தோன்றியது.

நகரமன்றத்தில் நாம் இருவரும் மேயர் பதவிக்கு நின்றோம். வாக்குகள் சமமாக விழுந்தன. சட்டப்படி தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும். மன்றத்தில் ஒருவரிடமும் தொப்பி இல்லை. பார்வையாளர் வரிசையிலிருந்த மெரின் தன் தோட்டத் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாள். மன்றச் செயலர் அதை மூக்குக்கு எட்டத்தில் பிடித்துக்கொண்டு, “இதுல என்ன, கோழி குடியிருந்துச்சா?” என்று கேட்டார். “முட்டை இருந்தா அது என்னோடது. சீட்ட மட்டும் எடுங்க,” என்றாள் அவள். உன் பெயர் வந்தது. நீ என் தோளைத் தட்டி, “மச்சான், உன் பேரு தொப்பி அடியில ஒட்டிக்கிச்சு, நான் என்ன பண்ணட்டும்?” என்றாய். மதுக்கடையில் அன்று பீர் வாங்கியது நான். தோற்ற வருத்தம் துளியும் எனக்கு இருக்கவில்லை. நல்லவனே மேயரானான் என்று நம்பினேன். இன்றும் அன்றைய கிளென்னைப் பற்றி அப்படியே நம்புகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளம்.

பிறகு ஆறு பெருகியது. உன்னை நாடு அறிந்தது அந்த ஒரு புகைப்படத்தால். மார்பளவு சேற்று நீரில் நின்று, மருத்துவமனைச் சன்னலிலிருந்து ஒரு மூதாட்டியைத் தூக்குக்கட்டிலோடு படகுக்கு வாங்கிக்கொள்ளும் மேயர். கட்டிலின் மறுமுனையைச் சன்னலுக்கு உள்ளிருந்து பிடித்திருந்தவள் மெரின். பத்திரிகைக்காரர்கள் படத்தைச் சன்னல் சட்டத்தோடு வெட்டிவிட்டார்கள். “என் கை மட்டும் வந்திருக்கு பாரு, நகமெல்லாம் சேறு. நல்லவேளை, மூஞ்சி வரல,” என்று அவள் சிரித்தாள். அந்தப் படம் உன் தேர்தல் சுவரொட்டி ஆயிற்று. அவள் கையும் எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. நீ சட்டமன்றத்துக்குப் போனாய், கட்சித் தலைவனானாய், தலைநகரின் பாதுகாப்பான தொகுதிக்கு இடம் மாறினாய். இந்தத் தொகுதியில் நான் சுயேச்சையாக வென்றேன். நீ முதல்வராகப் பதவியேற்ற நாளில் பள்ளி வாசலில் ஊரே கூடிச் சாசேஜ் வாட்டித் தின்றது. உனக்கு ஒருபோதும் வாக்களிக்காதவர்களும் வந்திருந்தார்கள். நம்ம ஊர்ப் பையன் என்றார்கள், ஐம்பது வயதுக்காரனை.

உன் செயலாளர் புதியவர் என்கிறார்கள். அவர் இதுவரை படித்துக்கொண்டிருந்தால், அவருக்காக ஒரு விளக்கம். எங்கள் அவையில் ‘ஜோடி’ என்றொரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்து உறுப்பினர் நோயாலோ, வீட்டில் சாவு நேர்வதாலோ வர முடியாமல் போனால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வாக்களிக்காமல் எழுந்து வெளியே போவார். யாருடைய துக்கத்தையும் வைத்து யாரும் வாக்கெடுப்பில் வெல்லக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது. சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை. கொறடாக்கள் ஒரு பதிவேட்டில் குறித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஜூலையில் மெரினை வார்டில் சேர்த்தோம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவள் தலைமைச் செவிலியாக இருந்த அதே வார்டு. கட்டிலில் படுத்ததும் முதலில் சொன்னது, “இந்தக் கட்டிலுக்குச் சக்கரம் ஒண்ணு ஆடுதுன்னு நான்தான் எழுதிப் போட்டேன். இன்னும் மாத்தல பாரு.” மருத்துவர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, இனி வீட்டுக்குப் போகும் பேச்சு இல்லை என்றார்.

உன்னைத் தொலைபேசியில் அழைத்தேன். நினைவிருக்கும். வார்டுகளை மூடும் மசோதா அவையில் இருந்தது. நான் வந்து வாக்களித்தால் இரு பக்கமும் சமம், சமமானால் சபாநாயகர் மரபுப்படி உள்ளதை உள்ளபடியே விடுவார், மசோதா விழும். நான் வராமல், உன் பக்கத்தில் ஒருவரும் வெளியேறாவிட்டால் ஒரு வாக்கில் நீ வெல்வாய். இது இருவருக்கும் தெரியும். நான் எதையும் கேட்கும் முன்பே நீ சொன்னாய்: “டேய் டங்கன், நீ அவ பக்கத்துலயே இரு. இங்க வந்து என் மூஞ்சியப் பாத்து என்ன ஆகப்போகுது? யாரும் போகலேன்னா நானே எழுந்து வெளிய போறேன். அவகிட்ட சொல்லு, கிளென்னோ சொன்னான்னு.” கிளென்னோ என்று மெரின் உனக்கு வைத்த செல்லப்பெயரைச் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. அது நடிப்பு என்று இன்றும் நான் சொல்லமாட்டேன்.

எதிர்க்கட்சிக் கொறடா ஜூடித் மறுநாள் அழைத்தார். “பதிவேட்டுல ஏத்திடலாம் டங்கன். ஒரு வரிதான்,” என்றார். வேண்டாம் என்றேன். “அவன் எங்க ஊர்க்காரன், வாய்ச்சொல்லு குடுத்துட்டான். அதுக்கு மேல கையெழுத்து கேட்டா அவனுக்கு அவமானம்,” என்றேன். வாழ்நாள் முழுவதும் வழக்கோடு வந்தவர்களிடம், ‘எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிக் கட்டணம் பெற்ற வழக்கறிஞன் நான். “சந்தை இல்ல இது,” என்றார் ஜூடித். அவர் நகரத்துப் பெண், நம் ஊரை அறியாதவர் என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்துக்கென அறிவிக்கப்பட்டிருந்த வாக்கெடுப்பை நீ அந்த வியாழக்கிழமைக்கு முன்னகர்த்தினாய். வராந்தாவில் நின்று கைபேசியில் அவையை நேரலையாகப் பார்த்தேன். மணி அடித்தது. கதவுகள் பூட்டப்படும் முன் உள்ள இடைவெளியில் நீ ஒரு முறை கதவுப் பக்கம் திரும்பினாய். எழுவாய் என்று காத்திருந்தேன். கால்சட்டைத் தூசியைத் தட்டிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னாய், அவர் சிரித்தார். கதவுகள் பூட்டப்பட்டன. நர்ஸ் பிரான்வின் தேநீரோடு வந்து, என் தோளுக்கு மேலாக எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு வேலை போகிறது. “ஆறுது பாருங்க, குடிங்க,” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு விடியலில் மெரின் இறந்தாள்.

நிருபர்கள் உன்னைக் கேட்டபோது, “ஜோடி எதுவும் பதிவாகவில்லை. திரு. பென்ரோஸின் குடும்பத்துக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்,” என்றாய். இரண்டு வாக்கியங்களும் உண்மை. ஒரு வழக்கறிஞனாக உன்னைப் பாராட்டுகிறேன். முன்பு ஈயைச் சாக்குச் சொன்னவனை ஊரார் முன் நிறுத்திய நீ, உனக்கென்று வரும்போது ஈயைவிட நல்ல சாக்கைக் கண்டுபிடித்துவிட்டாய். இறுதிச் சடங்குக்கு நீ அனுப்பிய மலர்வளையம் பெரியது. மாதாகோயில் வாசலில் வைக்க இடமில்லாமல் வேலியோரம் சாத்தி வைத்தார்கள்.

நீ ஏன் செய்தாய் என்று பல நாள் யோசித்தேன். வரவுசெலவுத் திட்டம் காத்திருந்தது, கட்சிக்குள் உன் நாற்காலியை இழுக்க ஆள்கள் இருந்தார்கள், எல்லாம் அறிவேன். நீ கெட்டவனாகிவிட்டாய் என்றால் எனக்கு எளிதாக இருக்கும், வெறுத்துவிட்டு உறங்குவேன். கதவுப் பக்கம் நீ திரும்பிய அந்த நொடி என்னை உறங்கவிடவில்லை. உனக்கு நினைவிருந்தது. நினைவிருந்தும் உட்கார்ந்திருந்தாய்.

இப்போது மெரினின் கட்டிலில் கூட் என்ற பால்பண்ணைக்காரர் படுத்திருக்கிறார். நுரையீரல் போய்விட்டது. அவர் மனைவிக்குக் கார் ஓட்டத் தெரியாது. தினமும் மதியம் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, சாலையைக் கடந்து, சூப் கொண்டுபோகிறார். நேற்று வாசலில் பார்த்தேன். “முதலமைச்சர் உங்க சிநேகிதர்தானே, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். செப்டம்பரில் அவர் கணவரைப் பாரோடேல் மருத்துவமனைக்கு மாற்றுவார்கள். காரில் இரண்டு மணி நேரம். அந்தப் பெண்மணியால் போக முடியாது. கூட் தனியாகச் சாவார். நீ வென்ற ஒரு வாக்கின் பொருள் அதுதான். மற்றவை எல்லாம் உன் நிதியமைச்சரின் பேச்சு.

அவரிடம் நான் சொன்னேன், எழுதுகிறேன் என்று.

ஆகவே ஒன்றைக் கேட்கிறேன். ஆளுநர் கையெழுத்திட்டுவிட்டார் என்றாலும், சட்டம் எந்த நாளில் நடைமுறைக்கு வரும் என்பதை உன் அமைச்சரவைதான் அரசிதழில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவரை அது காகிதம். நீ எதையும் திரும்பப் பெற வேண்டாம். தவறு என்று ஒப்புக்கொள்ள வேண்டாம். என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அதை வைக்க என்னிடம் இடமும் இல்லை. தேதியைக் குறிக்காமல் விடு. ஒருவரும் கவனிக்காதபடி, ஆண்டுக் கணக்காக, விட்டுவிடு. அவ்வளவுதான். பெயர்ப்பலகை வேண்டாம், கிளென். வார்டு திறந்திருக்கட்டும்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது. இதைச் சொல்வதா என்று தயங்கித்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த வியாழக்கிழமை, வராந்தாவிலிருந்து நான் உள்ளே போனதும் மெரின் கண்ணைத் திறந்தாள். முகத்தைப் பார்த்து எதையும் கண்டுகொள்ளும் பெண். அன்று பார்வை மங்கியிருந்தது என் நல்வினை. “கிளென்னோ என்ன பண்ணான்?” என்று கேட்டாள். எழுந்து வெளியே போய்விட்டான் என்றேன். “மொத்தக் கட்சியும் பாத்துக்கிட்டு இருந்துச்சா?” என்றாள். பார்த்துக்கொண்டிருந்தது, உன் நிதியமைச்சர் கோப்பைத் தூக்கி எறிந்தார், சபாநாயகர் வார்டைக் காப்பாற்றிவிட்டார் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். சிரித்தால் வலிக்கும் என்று தெரிந்தும் நான் நிறுத்தவில்லை. பிறகு என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “அவன் போவான்னு எனக்குத் தெரியும். பாவம், அவனுக்கு அங்க என்ன ஏச்சோ. நான் நன்றி சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லிடு டங்கன். மறந்துடாத.” அவள் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சு அது.

மறக்கவில்லை. இறந்தவள் ஒப்படைத்ததை என்னிடமே வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவள் நன்றியை இத்துடன் உன்னிடம் சேர்க்கிறேன், கிளென். செப்டம்பர் இன்னும் பிறக்கவில்லை.

உன் உடலும் உன் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும் என்று, அவள் இருந்தால் எழுதியிருப்பாள் என்பதால், நானும் எழுதுகிறேன்.

டங்கன் பென்ரோஸ்
கொராவில்லா தொகுதி உறுப்பினர்