கையைப் பற்றிச் சொல்லவில்லை

மார்ச் 4
கழுத்து வலிக்கு இது மூன்றாவது மாதம். நாள் முழுக்கக் குனிந்து துணி வெட்டுகிற தையல்காரனுக்குக் கழுத்து வலிக்காமல் வேறு என்ன வலிக்கும்? மறுவாழ்வு மருத்துவரிடம் போகச் சொல்கிறாள் மனைவி. "அது குடியை நிறுத்துறவங்க போற இடமாச்சே" என்றேன்.

"வாயைக் கழுவுங்க. நரம்பு, எலும்பெல்லாம் பார்க்கிற டாக்டராம். ஸ்கேன் எடுத்துட்டுத்தான் கழுத்துல கையே வைப்பாராம்."

ஸ்கேன் எதற்கு? தெருமுனையிலேயே பிசியோதெரபி அம்மா இருக்கிறார்.

மார்ச் 6
அந்த அம்மா துருவித் துருவிக் கேட்டார். "விரல் மரத்துப்போகுதா? கையிலேருந்து சாமான் நழுவுதா?"

இல்லை என்றேன். பொய்யா அது? முப்பது வருஷம் ஊசி பிடித்த விரல், காய்ப்புக் காய்த்துக் கிடக்கிறது. எங்கள் தொழிலில் விரல் மரக்காதவன் யார்?

மார்ச் 11
ஒத்தடம், பயிற்சி. வலி பாதியாகிவிட்டது. "பாத்தியா?" என்று மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மார்ச் 15
கத்தரிக்கோல் இரண்டு முறை கீழே விழுந்தது.

மார்ச் 17
வெள்ளைக் கோட்டுக்குக் கை தைத்துக்கொண்டிருந்தேன். துணியில் ரத்தம். ஊசி விரலுக்குள் பாதி இறங்கியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. சட்டென்று அலசிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

வலிதான் குறையுதே — அப்புறம் ஏன் ஊசி குத்துனதுகூடத் தெரியல? டாக்டர்கிட்ட போனா தொழிலை விடுன்னுடுவார். விட்டுட்டு? வேற என்ன தெரியும் எனக்கு?

மார்ச் 20
பிசியோதெரபி அம்மா இன்று என்னைத் தொடவே இல்லை. நடந்து வரும்போதே பார்த்துவிட்டார். "இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். இடது கால் வெறுங்கால். எங்கே கழன்றதோ! ஊசி குத்திய விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்தார். எத்தனை நாளாக என்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"முதல் நாளே கேட்டேனேங்க! இதுக்கு மேல நான் கை வைக்கக் கூடாது. இப்பவே டாக்டர்கிட்ட போங்க. கழுத்தை ஆட்டாதீங்க."

மார்ச் 21
கழுத்தெலும்புக்கு நடுவே தண்டுவடம் நசுங்குகிறதாம். நாளை அறுவை சிகிச்சை. டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 2
கழுத்து வலி அறவே இல்லை. விரல்களுக்கு மெல்ல உணர்ச்சி திரும்பிவிடும், அடுத்த வருஷம் இந்நேரம் கடையில் உட்கார்ந்து துணி வெட்டலாம் என்று டாக்டர் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்குப் பேனா பிடிக்க முடியவில்லை; அவர் சொல்லச் சொல்ல இதை எழுதுவது நான், அவர் மனைவி. எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்துத்தான் டாக்டர் பேசினார். விரலுக்கு உணர்ச்சி திரும்பும் என்று அவர் சொல்லவே இல்லை.