திருப்பிப் போட்ட கம்பி

மயிலாப்பூர்
12-3-1934

அன்பு மகன் ஷாஹுல் ஹமீதுக்கு அத்தாவின் சலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ரங்கூனிலிருந்து நீ போட்ட கடிதம் நேற்றுக் கிடைத்தது. மில் பாய்லரைத் தாங்கும் தொங்குகம்பிகள் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு இறங்குகின்றன, மாதம் ஒருமுறை நட்டை முறுக்கித் தூக்கிவிடுகிறேன், இப்போது கம்பியில் முறுக்க மரை தீர்ந்துவிட்டதால் நட்டுக்கு அடியில் வாஷர் அடுக்கியிருக்கிறேன், துரை மெச்சினார் என்று எழுதியிருந்தாய். அந்த வரிகளை மூன்று முறை படித்தேன்.

போன வியாழக்கிழமை மெஹபூப் அலி மகள் நிக்காஹ்வுக்கு நம் பிரியாணி. அடுப்புக் குழிமேல் பிரியாணி அண்டா, நம் தேக்சா, உட்காரும் நாலு இரும்புக் கம்பிகள் உனக்குத் தெரியும், கட்டைவிரல் பருமன். தொய்ந்தால் தொய்வு மேலே வரும்படி திருப்பிப் போடுவோம், நாலு கல்யாணத்தில் பாரமே அதை நேராக்கிவிடும். பத்து வருஷமாக இப்படியே செய்து, என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை என்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பாரமும் கூடவில்லை, நெருப்பும் கூடவில்லை, யாரும் தொடவுமில்லை. உலை கொதிக்கும்போது ஒரு கம்பி முறிந்து தேக்சா சாய்ந்துவிட்டது. உப்புப் பார்க்க வந்த உன் அம்மாவுக்கு உலைநீர் கொட்டி முழங்கால் வரை வெந்துவிட்டது. கால் பிழைக்கும், நடக்க மாசக்கணக்காகும் என்கிறார் டாக்டர். எப்படி நடந்தது என்று எனக்குப் புரியவில்லை. கொல்லன் அப்துல் கரீம் முறிந்த துண்டைப் பார்த்துவிட்டு, இன்னா பாய், நிமித்திட்டதா நெனச்சீங்களா, இந்தப் பக்கம் இழுத்தத அந்தப் பக்கம் இழுத்துக்கினு இருந்தீங்க, சூட்டுல பாரம் தாங்கிக்கினே கீற இரும்பு தெனம் கொஞ்சம் நீளும், உள்ள பொடிப்பொடியா வெடிக்கும், அப்பால ஒரு நாள் சொல்லாம விட்டுடும் என்றான். முறிந்த இடம் சுண்டுவிரலாக மெலிந்திருந்தது.

நீ முறுக்குவதும் அதேதான் மகனே. நட்டு ஏறுகிறதே தவிர கம்பி தேறவில்லை. புதுக் கம்பி மாற்றும்வரை அதன் கீழே போகாதே, துரை கேட்காவிட்டால் வேலையை உதறிவிட்டுக் கப்பல் ஏறு. அம்மாவுக்கு உன் கடிதத்தை வாசிக்கும்போது அந்த வரிகளை விட்டுவிட்டேன். அவள் கேட்டு துஆ செய்து தூங்கிவிட்டாள், எனக்குத்தான் தூக்கமில்லை.

இது உன் கைக்கு வர நாலைந்து நாள் ஆகும், அத்தனை நாளும் நீ அங்கேதான் நிற்பாய். அதனால் காலையிலேயே தந்தியும் அடித்துவிட்டேன். அல்லாஹ் உன்னைக் காப்பானாக. மறக்காமல் பதில் தந்தி கொடு, விலகி நிற்கிறேன் என்ற ஒரு சொல் போதும். அது வரும்வரை நான் அடுப்பு மூட்டப்போவதில்லை.

உன் அத்தா,
ஹபீபுர் ரஹ்மான்