இரண்டு வயலின்களும் உங்கள் இடது காதும்

என் அன்பான ரேவதி அப்பாவுக்கு,

உங்கள் பெயரை எழுத இப்போதும் கை வரவில்லை. முப்பத்தெட்டு வருஷம் "ஏங்க" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. நம் சுரங்க லைன் வீடுகளில் யார் "ஏங்க" என்றாலும் பத்து ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். என் "ஏங்க"வுக்கு நீங்கள் ஒருவர்தான் திரும்புவீர்கள்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. படத்துக்கு விளக்கேற்றி, தனியாக நின்று கேட்டுப் பார்த்தேன். மனசு ஆறவில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு நாலு பேர் முன்னால்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும்? அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவர். ஷாஃப்ட் என்கிற ஆழக் குழியில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ், அந்த இரும்புக் கூண்டு, உங்கள் கையில் இருந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜின் ரூமில் உட்கார்ந்தபடி மணி எத்தனை அடி விழுகிறது என்று காதால் எண்ணித்தான் ஓட்டுவீர்கள். ஓர் அடியைத் தப்பாகக் கேட்டால் அத்தனை பேரின் கதி என்ன? இருபத்திரண்டு வருஷம் ஒரு அடிகூடத் தப்பவில்லை.

சுரங்கம் மூடிய பிறகு தினமும் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வந்தீர்கள், ஓர் இசை அரங்கத்துக் காவலாளியாக. "இன்ஜின் ஓட்டின கையி, இப்ப கதவு தொறக்குது" என்று சிரிப்பீர்கள். ஒரு நாள் சாயங்காலம் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தீர்கள்.

"இன்னிக்கு ஒண்ணு கேட்டேன்மே. பின்னால இருபது பேரு வாசிக்கறாங்க. முன்னால ரெண்டே பேரு, வயலினோட. ஒருத்தர் சொல்றாரு, இன்னொருத்தர் அதையே வாங்கி வேற மாதிரி சொல்றாரு. சண்டையும் இல்ல, சமாதானமும் இல்ல."

"அப்ப இன்னா, நம்ம வூடு மாதிரியா?" என்றேன்.

"போடி. அவங்க ஒருத்தர் பேசி முடிக்கறவரைக்கும் ஒருத்தர் காத்திருக்காங்க."

அந்த இரண்டு பேரில் ஒருவரான வயலின் அம்மாவிடமே கேட்டு அதை உங்கள் போனில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியதாம். அதன் நடுப்பகுதி, மெதுவாகப் போகுமே, அதை முதல் தடவை கேட்டபோது கந்தர் சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருந்து முடித்த மாதிரி உடம்பு லேசாகிவிட்டது எனக்கு. ஏழாவதோடு நின்றவள் நான். ஒரு சுரம் தெரியாது. தூர தேசத்து மனுஷன் ஒருவர் என் பூஜை அறைக்குள் எப்படி வந்தார்?

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. புல்லாங்குழலும், நம் யாழ் மாதிரி ஹார்ப்பும். வயலினும் அதைவிடப் பெரிய வயோலாவும். அதில் அண்ணன் குரலில் தம்பியும் தம்பி குரலில் அண்ணனும் பேசுவது போல இருக்கும். வயலினும் இன்னும் பெரிய செல்லோவும் சேர்ந்து வருகிற ஒன்று, அதைக் கேட்டால் இரண்டு நாள் எனக்குச் சமையலில் உப்புப் பிடிபடாது. நான்தான் எதையும் எழுதி வைக்கிறவளாயிற்றே. நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டேன். எத்தனையாவது நிமிஷத்தில் எது வருகிறது, எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று போனைப் பார்த்துப் பார்த்து மையில் எழுதினேன்.

சுவருக்குச் சுவர் ஒட்டிய வீடு. சத்தமாக வைக்க முடியாது. நம் பெண் ரேவதி கொடுத்த ஒரே ஒரு வயர் இயர்போன்தான். நீங்கள் கட்டிலில் சுவர் ஓரம், நான் வாசல் பக்கம். எல் என்று எழுதியது உங்கள் இடது காதில், ஆர் என்று எழுதியது என் வலது காதில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்போம். வயர் அவ்வளவு குட்டை. எட்டு வருஷம் அப்படித்தான் கேட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு மறக்கவே இல்லை. செல்வராஜ் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். சுரங்கத்தில் உங்களுக்கு மணி அடித்து, அதே கேஜில் இறங்கி ஏறியவர் அவர்தான். நீங்கள் போனைக் காட்டி, "மெதுவா போற பாட்டுல, மூணு நிமிஷம் தாண்டி, வயலின் ஏறும் பாரு. அப்படியே ஆகாசத்துக்குப் போகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் டீ கொண்டுவந்தேன்.

"ஏறவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த எடத்துல இறங்குது" என்றேன்.

"ஏறுதுமே."

"நோட்டுலயே எழுதி வெச்சிருக்கேன், மூணு நிமிஷம் பத்து செகண்டு, இறங்குதுன்னு. ஷாஃப்டு சத்தத்துலயே உங்க காது போயிடுச்சி. நீங்க எங்க கேக்கறது!"

"இன்னா டிரைவரே, வூட்டுல ஸ்டாப் பெல் அடிச்சிட்டாங்களே!" என்றார் செல்வராஜ் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. காதில் இருந்ததை எடுத்து, வயரைச் சுற்றி, என் கையில் வைத்தீர்கள்.

அதற்குப் பிறகு மூன்று மாசம், கூப்பிட்டால் "நீ கேளு, எனக்கு வேலை கீது" என்பீர்கள். என்ன வேலை? சும்மா உட்கார்ந்திருப்பீர்கள். தை மாசம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். காதை நம்பி உயிர்களைச் சுமந்த மனுஷனைப் பார்த்துக் காது போய்விட்டது என்று சொன்னேனே. அது பொய்யா நிஜமா என்றுகூடத் தெரியாமல் சொன்னேன்.

போன வாரம் உங்களுக்கு வருஷத் திதி கொடுத்தோம். படையல் முடிந்து, காக்கைக்கு வைத்துவிட்டு, மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாகத் தொடாத இயர்போனை அன்றைக்கு எடுத்தேன். என்னுடையதை என் காதில் மாட்டி, உங்களுடையதைச் சுவர் ஓரம் உங்கள் இடத்தில் வைத்தேன். ரேவதி பார்த்துவிட்டாள்.

"இன்னாம்மா, ஒத்தக் காதுல கேக்கற? அதையும் மாட்டு."

"அது அப்பாவோடது."

"அய்யோ அம்மா, ரெண்டும் சேர்ந்துதாம்மா ஒண்ணு. இதுல ஒரு வயலின் கிட்ட கேக்கும், அதுல இன்னொண்ணு. இத்தினி வருஷமா நீங்க ரெண்டு பேரும் பாதிப் பாதியா கேட்டீங்க?"

உங்களுடையதை மட்டும் எடுத்து மாட்டினேன். மூணு நிமிஷம் பத்து செகண்டு. ஏறியது. நீங்கள் சொன்ன மாதிரியே, பிடிக்க ஆளில்லாமல், ஆகாசத்துக்கு. என்னுடையதை மாட்டினேன். அதே இடத்தில் இறங்கியது.

பிறகு இரண்டையும் மாட்டினேன்.

எப்படிச் சொல்வது? சத்தம் காதில் இல்லை. நெற்றிக்கு நடுவில், விபூதி வைக்கிற இடத்தில் வந்து நின்றது. ஒன்று இறங்க இறங்க அதைத் தொட்டுக்கொண்டே மற்றொன்று ஏறியது. எது எது என்று பிரிக்க முடியவில்லை. கை தானாகக் குவிந்தது. இப்படி ஒன்றைத் தலைக்குள் முழுசாகக் கேட்டுக்கொண்டே ஒரு மனுஷன் எழுதினாரென்றால், அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்திருப்பார்கள்? ரேவதி என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் செல்வராஜ் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இருமல் முற்றிவிட்டது. வாசலில் நாற்காலி போட்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். நடந்ததைச் சொல்லிவிட்டு, இரண்டையும் அவர் காதில் மாட்டினேன். அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது கேஜும்மா" என்றார். "நம்ம ஷாஃப்டுல ரெண்டு கேஜு. ஒரே இன்ஜின். ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்கணும். ஏறி வர்றவன் ஏறுதும்பான், இறங்கறவன் இறங்குதும்பான். டிரைவருக்கு மட்டும்தான் ரெண்டும் தெரியும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவர் காது தப்பா இருந்தா நான் இன்னிக்கு உங்ககிட்ட பேசிட்டு இருப்பனா? அன்னிக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. நீங்கள் அரங்கத்துக் கதவோரம் நின்று அதை நேரில் கேட்டவர். இரண்டும் உங்களுக்குத் தெரிந்திருக்குமே. தெரிந்துதான் "ஏறுது" என்றீர்களா? அன்றைக்கே "உன்னோடது இறங்குது, என்னோடது ஏறுது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? புல்லாங்குழல் கேட்ட நாளில், "குழல்தான் பக்கத்துல கேக்குது, அந்த ஹார்ப்பு எங்கியோ கிணத்துக்குள்ள கீது" என்று நான் குறை சொன்னபோது ஏன் அப்படிச் சிரித்தீர்கள்?

படிக்கிறவர்கள் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள். இவர் காது போகவில்லை. கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. தப்பாகக் கேட்டவள் நான், தப்பாகச் சொன்னவளும் நான். ஏங்க, என்னை மன்னித்துவிடுங்கள்.

இனி ஒரு சத்தியம் செய்கிறேன். நோட்டின் முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றையும் முதலில் உங்கள் பக்கம் மட்டும் கேட்பேன், அப்புறம் என் பக்கம், கடைசியில் இரண்டும். நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள் என்று தெரியாமல் இனி ஒரு வரியையும் மையில் எழுத மாட்டேன்.

என்றும் உங்கள் வலது பக்கம் உட்காரும்,
ரேவதி அம்மா