முதுகில் இருந்த பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைஞ்சுதுங்களா? நான் நல்லா இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை இங்க லண்டன்ல குட்மேய்ஸ் பார்க்குல ஆபீஸ்காரங்க பேஸ்பால் ஆடினோம். பந்தை நல்லாத்தான் அடிச்சேன். கிரிக்கெட் பழக்கத்துல மட்டையோடவே ஓடிட்டேன். இதுல மட்டையைக் கீழே போட்டுட்டுத்தான் ஓடணுமாம். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்.

"இது ஆசியாக்காரங்களுக்கு வராத ஆட்டம்"னார் மேனேஜர். அமெரிக்காவுல ஜப்பான்காரங்களும் கொரியாக்காரங்களும் இதுல கொடிகட்டிப் பறக்கறாங்கப்பா! அவர் போட்டிருந்த சட்டையோட முதுகுலயே ஒரு ஜப்பான் ஆட்டக்காரர் பேர்தான் இருந்துச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

உங்க பனியன் கம்பெனியில சொல்லி என் பேர் போட்ட பனியன் ஒண்ணு அனுப்புங்க. முதுகுல வேண்டாம், நெஞ்சுல போடச் சொல்லுங்க. மேனேஜர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி அதைப் படிக்கட்டும். பேரைச் சுருக்காம முழுசாப் போடணும். இங்க எல்லாருக்கும் நான் வெறும் 'ஹேம்', அதாவது பன்னிக்கறி.

பஸ் வந்துடுச்சு.

உங்கள்
ஹம்சவேணி