டி-யிலிருந்து சி-க்கு

மே 27, செவ்வாய்
காலையிலிருந்து மழை. துணி காயவில்லை.

கொயர் மாஸ்டர் போன். வஹகோட்டைத் தேவாலயத் திருநாளுக்குப் பாட நம் மாத்தளைக் கொயர்தானாம். சந்தோஷம். அடுத்த வாக்கியத்திலேயே அது போனது. "தைராய்டு ஒப்பரேஷனுக்குப் பொறகு ஒங்களுக்கு மேல் நோட்டு எட்டலதானே? நின்னு வாய மட்டும் அசைங்க."

வாயை மட்டும் அசைக்க நான் என்ன தொட்டி மீனா?

சுருதியை இறக்கலாமே என்றேன். "ஒரு ஆளுக்காக எல்லாத் தாளையும் யாருங்க திரும்ப எழுதுறது?"

நான்தான். வேறு யார்?

மே 29, வியாழன்
பாட்டை எழுத்துகளாகத் தட்டினால் கம்ப்யூட்டர் நோட்டுத் தாளாக்கித் தரும். நான்கு குரல், கீபோர்ட், ட்ரம்பெட், ஒன்றின்கீழ் ஒன்று. ஒவ்வொரு வரியையும் டி-யிலிருந்து சி-க்கு இறக்கும் கட்டளைக்குள் அடைத்தேன். பாட்டின் சுருதி டி மேஜர் என்ற அறிவிப்பை மட்டும் வெளியே விட்டுவிட்டேன். தாளெங்கும் சுரத்தைத் திருத்தும் நேச்சுரல் குறி, அம்மை போட்ட மாதிரி. அதையும் உள்ளே தள்ளினேன். சுத்தம்.

தேங்காய் வாங்க மறந்தேன். பருப்பு, அப்பளம்.

மே 31, சனி
ஒத்திகை. எல்லோருக்கும் புதுத் தாள். முதல் வரியிலேயே ட்ரம்பெட் ஒரு பக்கம், கீபோர்ட் ஒரு பக்கம்.

மாஸ்டர்: "பாத்தீங்களா? கம்ப்யூட்டர்ல தட்டினா இப்படித்தான்."

காது சுட்டது. என் தாளில் பிழையில்லை, எனக்குத் தெரியும். நேரே கீபோர்டிடம் போனேன். அதன் திரையில் மைனஸ் இரண்டு: டி-யை அழுத்தினால் சி கேட்கும்.

வாசிக்கிற ரொஷான் தலையைச் சொறிந்தான். "ஒங்களுக்காகத்தான் அக்கா பட்டன்ல எறக்கி வச்சேன். தாளையும் எறக்குவீங்கன்னு தெரியாதே."

ஒரே சிரிப்பு. பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான். பாடினோம். எட்டியது!

மாஸ்டர்: "டி-யில இருந்த பளபளப்பு இல்ல. திருநாளுக்குப் பழைய தாள்தான்."

"பளபளப்புக்கு மெழுகுதிரி இருக்கு மாஸ்டர்."



ஜூன் 13, வெள்ளி
வஹகோட்டை. சனம், வெயில், புதுச் செருப்புக் கடி.

மாஸ்டர் பழைய தாளை விரித்து, என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பெண்கள் வரிசையில் ஒவ்வொருத்தியாகப் புதுத் தாளை எடுத்தார்கள். பிறகு ஆண்கள். பிறகு ட்ரம்பெட். ரொஷான் யாரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் கை தூக்கியதும் கீபோர்டில் முதல் கட்டைகளை அழுத்தினான்.

சி மேஜர்.

வாயைத் திறந்தேன்.